வண்டிக்கு வந்த அழைப்பு

(நெரவியில் கூடிய பொதுமக்களிடையே வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



வட்டார வளர்ச்சி அதிகாரி பேச வருகிறார் என்றால் வாய்க்கால் தூர் வாருவதைப் பற்றியோ, கழிப்பறையைப் பற்றியோ, மகளிர் குழுக் கடனைப் பற்றியோதான் பேசுவார் என்று தாங்கள் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். இது போக்குவரத்து இலாகாவின் காரியமல்லவா, இவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நமது கொம்யூனில் எந்தத் தெருவுக்குள் நான் ஜீப்பில் நுழைந்தாலும், இருபுறமும் நிற்கும் ஸ்கூட்டர்களுக்கும் கார்களுக்கும் இடையே வழி தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. நமது ஜனங்கள் தங்கள் சேமிப்பில் வீட்டுக்கும் நகைக்கும் அடுத்தபடியாகப் பெருந்தொகை போடுவது வண்டியில்தான். தங்கள் பிள்ளைகளை ஏற்றி அனுப்புவதும் அதில்தான். ஆகவே இதுவும் கிராம நலனைச் சேர்ந்த விஷயமே.

நமது பாட்டனார் காலத்தில் மாட்டு வண்டி இருந்தது. பாரம் ஏற்றுவதற்கு முன் அச்சாணியைத் தட்டிப் பார்ப்பார்கள். வண்டி செய்த ஆசாரி அதே ஊரில், அல்லது அடுத்த ஊரில் இருப்பார். ஒரு பருவத்தில் தாம் வாங்கிய மரம் சரியில்லை என்று பிறகு அவருக்குத் தெரிந்தால், தெருவில் போகும்போது கூப்பிட்டு, “அந்தச் சக்கரத்தைக் கொண்டுவந்து போடுங்கள், பார்த்துக் கொடுக்கிறேன்” என்று சொல்லிவிடுவார். இன்றைக்கு வண்டி செய்பவர் ஹரியானாவிலோ குஜராத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இருக்கிறார். நம்மை அவருக்கு முகம் தெரியாது. தாம் செய்த வண்டியில் ஒரு பாகம் குறையுடையது என்று அவர் கண்டுபிடித்தால் எப்படிக் கூப்பிடுவார்? பதிவேட்டில் உள்ள பெயருக்கும் விலாசத்துக்கும் கடிதம் போடுவார். அங்கே கொடுத்திருக்கும் செல்போன் எண்ணுக்குச் செய்தி அனுப்புவார். ஆசாரி தெருவில் நின்று கூப்பிட்டதற்கும் இதற்கும் பொருள் ஒன்றுதான். பட்டறைகளில் இதை ‘ரீகால்’ என்கிறார்கள்.

பத்திரிகைகளில் இதை எழுதும் விதத்தால் ஒரு குழப்பம் நேர்ந்திருக்கிறது. “இத்தனை ஆயிரம் கார்களைக் கம்பெனி திரும்பப் பெறுகிறது” என்று தலைப்புப் போடுகிறார்கள். அதைப் படித்த நமது ஊர்க்காரர் ஒருவர், வண்டியைக் கொடுத்தால் பிடித்து வைத்துக் கொள்வார்களாம் என்று பயந்து, பட்டறைப் பக்கமே போகாமல் இருந்தார். இன்னொருவர் கொடுத்த விலை முழுவதும் திரும்பி வரும் என்று ஆசைப்பட்டார். பெரும்பாலும் இரண்டும் நடப்பதில்லை. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனால், குறையுள்ள பாகத்தைச் சோதித்து, தேவையானால் புதிய பாகம் போட்டு, அன்றைக்கோ மறுநாளோ திருப்பிக் கொடுப்பார்கள். பாகத்துக்கும் பணம் இல்லை, கூலிக்கும் பணம் இல்லை. வாரண்டிக் காலம் முடிந்த வண்டி என்றோ, இரண்டாம் கை வண்டி என்றோ விலக்குவதில்லை. அழைப்பு வண்டிக்கு வந்தது, வாங்கியவருக்கு வந்ததன்று.

இதைத் தெரிந்து கொள்ள நான் கொடுத்த விலையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூர்க்காரர் ஒருவரிடம் பழைய கார் ஒன்று வாங்கினேன். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டியதில்லை. புதுச்சேரியில் ஒரு கூட்டத்துக்காக மாலையில் குடும்பத்தோடு புறப்பட்டு, சீர்காழியைத் தாண்டிக் கொள்ளிடப் பாலத்தின்மீது போய்க்கொண்டிருக்கையில் எஞ்சின் நின்றுவிட்டது. இருட்டிவிட்டது. பின்னால் லாரி. என் தாயார் பின் ஆசனத்தில் இருந்தார்கள். லாரி ஓட்டுநர் விழிப்புடையவராயிருந்ததால் ஒதுங்கிப் போனார். அதற்குமேல் அந்த இரவைப் பற்றிச் சொல்ல விரும்பவில்லை.

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார் ஒரு மெக்கானிக். இன்னொருவர் பிளக்கை மாற்றினார். இரண்டு பட்டறைகளிலுமாக நான்காயிரம் ரூபாய்க்கு மேல் செலவாயிற்று, வண்டி மறுபடியும் இரண்டு முறை நின்றது. கடைசியில் எங்கள் அலுவலக ஜீப் ஓட்டுநர், “ஐயா, ரீகால் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?” என்று கேட்டார். நான் பட்டதாரி. நாள்தோறும் சுற்றறிக்கை படிப்பதுதான் என் உத்தியோகம். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அவரே என் ஆர்.சி. புத்தகத்திலிருந்து சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் அடித்துக் காட்டினார். எரிபொருள் பம்பை மாற்ற வேண்டும் என்று அந்த வண்டிக்கு அழைப்பு வந்து பதினொரு மாதங்கள் ஆகியிருந்தன! கடிதம் தஞ்சாவூருக்குப் போயிருக்கிறது. முந்தைய உடைமையாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “வந்தது சார், வண்டிதான் விற்றாகிவிட்டதே என்று ஓரமாக வைத்துவிட்டேன்” என்றார். அவரை நான் குறை சொல்ல முடியாது. வண்டியை என் பெயருக்கு மாற்றிக் கொள்ளாமல் பதினான்கு மாதங்கள் இருந்தவன் நான். மற்றவர்களுடைய காகிதங்களில் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்புகிற அதிகாரியின் காகிதம் இப்படி இருந்தது! பம்பை மாற்றுவதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. காசு வாங்கவில்லை.

எனக்கு நேர்ந்தது நமது பகுதியில் மிகச் சாதாரணமாக நேரக்கூடியது. எண்ணிப் பாருங்கள். நமது காரைக்கால் நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. ‘பி.ஒய். 02’ எண்ணுள்ள வண்டி அங்கே ஓடுகிறது, அங்கே பதிவான வண்டி இங்கே ஓடுகிறது. புதுச்சேரியில் வரி குறைவு என்று உறவினர் விலாசத்தில் பதிவு செய்த வண்டிகளும் உண்டு. மேலும், நமது ஊர்ப் பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்த மகன் தன் பெயரில் கார் வாங்கி வைத்துவிட்டுப் போகிறான். பதிவில் கொடுத்தது அந்த ஒரு மாதத்துக்காக வாங்கிய செல்போன் எண். இப்போது வண்டியை ஓட்டுபவர் தம்பி, உட்கார்ந்து போவோர் அப்பாவும் அம்மாவும், கம்பெனியின் செய்தி போவதோ யாருமே எடுக்காத ஓர் எண்ணுக்கு. கடிதம் வரவில்லை என்பதால் நமது வண்டிக்கு அழைப்பு இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. நாமேதான் போய்க் கேட்க வேண்டும்.

இவையெல்லாம் எங்கோ அயல்நாட்டு மோட்டார்களுக்கு வரும் சங்கதி என்று நினைப்பவர்களுக்காகச் சில கணக்குகள் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றவும் சரக்கு ஏற்றவும் நமது ஊர்களில் பெரிதும் பயன்படும் ஈக்கோ வண்டியை எடுத்துக் கொள்ளுங்கள். 2023 ஜூலையில் மாருதி சுசூக்கி கம்பெனி, 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை செய்த ஈக்கோ, எஸ்-பிரஸ்ஸோ வண்டிகளில் 87,599ஐப் பட்டறைக்கு அழைத்தது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு என்னும் கம்பியில் ஒரு பகுதி குறையுடையதாக இருக்கலாம், அபூர்வமாக அது முறிந்தும் போகலாம் என்பது காரணம். அதே கம்பெனி அதே ஆண்டு ஜனவரியில் ஆல்ட்டோ கே10, ப்ரெஸ்ஸா, பலேனோ முதலிய 17,362 கார்களை அழைத்தபோது, ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றும் வரையில் வண்டியை ஓட்டவே வேண்டாம் என்று கேட்டுக் கொண்டது. எல்லா அழைப்பும் ஒரே தரத்தன அல்ல. ‘வசதிப்பட்ட நாளில் வாருங்கள்’ என்பதும் உண்டு, ‘இன்றே நிறுத்துங்கள்’ என்பதும் உண்டு. ஆகவே செய்தியை முழுவதும் படிக்க வேண்டும்.

2021 செப்டம்பரில் வந்த ஓர் அழைப்பை நமது ஊர்க்காரர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். சியாஸ், எர்டிகா, விட்டாரா ப்ரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்.எல்.6 ஆகியவற்றில் 1,81,754 பெட்ரோல் வண்டிகள் மோட்டார் ஜெனரேட்டர் என்னும் மின்கருவிக்காக அழைக்கப்பட்டன. அதைச் சரிசெய்யும் வரையில் தண்ணீர் தேங்கிய இடங்களில் ஓட்ட வேண்டாம், மின்சாதனங்கள்மீது நேராகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம் என்று கம்பெனி சொல்லிற்று. ஐப்பசி, கார்த்திகையில் நமது கொம்யூனில் தண்ணீர் தேங்காத தெரு எது என்று தாங்களே சொல்லுங்கள்!

இரு சக்கர வண்டிக்காரர்கள் தங்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்று எழுந்துவிட வேண்டாம். ராயல் என்ஃபீல்ட் கம்பெனி 2021 மே மாதம், அதற்கு முந்தைய சில மாதங்களில் செய்த கிளாசிக், புல்லட், மீட்டியார் வண்டிகளில் 2,36,966ஐ இக்னிஷன் காயிலைச் சோதிப்பதற்காக அழைத்தது. அவற்றில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றில்தான் மாற்ற வேண்டியிருக்கும் என்று அவர்களே மதிப்பிட்டார்கள். அழைப்பு வந்தாலே வண்டி கெட்டது என்று பொருளல்ல, சோதித்துத் தெரிந்து கொள்வதுதான் முக்கியம் என்பதற்காக இதைச் சொன்னேன். மின்சார ஸ்கூட்டர் விஷயம் இன்னும் கவனத்துக்குரியது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் மின்னேற்றத்துக்குப் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் தந்தையும் மகளும் இறந்து போனார்கள். நாட்டின் வேறு இடங்களிலும் அப்போது ஸ்கூட்டர்கள் எரிந்தன. அடுத்த மாதமே ஒகினாவா கம்பெனி 3,215 ஸ்கூட்டர்களையும், ஓலா கம்பெனி 1,441 ஸ்கூட்டர்களையும் சோதனைக்கு அழைத்தன. நமது வீடுகளில் ஸ்கூட்டர் நிற்குமிடம் பெரும்பாலும் நடைதான். வெளியே போவதற்குள்ள ஒரே வழியும் அதுவாக இருக்கும்.

இனி, நமது கடற்கரைக்கே உரிய ஒரு விஷயம். ஏர்பேக் என்னும் காற்றுப்பை மோதலின்போது கண்ணிமைக்கும் நேரத்தில் விரிய வேண்டும். அதற்காக ஓர் உலோகக் குப்பிக்குள் எரிபொருளை வில்லையாக அழுத்தி வைத்திருப்பார்கள். ஜப்பானில் டகாட்டா என்றொரு கம்பெனி இருந்தது. உலகத்தின் பல பெரிய கார்க் கம்பெனிகளுக்கு இந்தக் குப்பிகளைச் செய்து கொடுத்தது. அவர்கள் பயன்படுத்தியது அம்மோனியம் நைட்ரேட் என்னும் உப்பு. இது உரமாகவும் பயன்படும் பொருள். பிரித்து வைத்த யூரியா மூட்டை நமது மழைக்காலத்தில் என்ன ஆகிறது என்பது விவசாயிகளுக்குத் தெரியும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கட்டி தட்டிப் போகிறது. அந்த வில்லைகளுக்கும் பல ஆண்டு வெயிலாலும் ஈரத்தாலும் இவ்வாறே கேடு வந்தது. கேடடைந்த வில்லை மெதுவாக எரிவதற்குப் பதில் வெடித்தது, குப்பி சிதறியது, உயிரைக் காக்க வைத்த பையிலிருந்து இரும்புத் துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாய்ந்தன. உலகெங்கும் முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், மலேசியாவிலும் உயிர்கள் போயின. பத்துக் கோடிக் குப்பிகளைப் போல மாற்ற வேண்டியதாயிற்று. டகாட்டா 2017இல் திவாலாயிற்று. நமது நாட்டிலும் ஹோண்டா கம்பெனி 2017 ஜனவரியில் 2012ஆம் ஆண்டுத் தயாரிப்பான 41,580 கார்களையும், 2018 ஜனவரியில் 2013ஆம் ஆண்டுத் தயாரிப்பான 22,834 கார்களையும் இதற்காகவே அழைத்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அமெரிக்காவில் இந்தக் குப்பிகளை மாற்றும்போது வெப்பமும் ஈரமும் மிகுந்த ஃபுளோரிடா போன்ற கடலோரப் பகுதிகளுக்கே முதலிடம் கொடுத்தார்கள். குளிர்ந்த, வறண்ட ஊர்க் கார்களைவிட அங்கேதான் அபாயம் அதிகம். அந்த ஃபுளோரிடாவுக்கு நமது காரைக்கால் கடற்கரை வெயிலிலும் சரி, புழுக்கத்திலும் சரி, சற்றும் இளைத்ததன்று. அந்த ஆண்டுகளின் கார்கள்தாம் இப்போது இரண்டாம் கையாகவும் மூன்றாம் கையாகவும் நமது ஊர்களுக்கு வந்து கொண்டிருக்கின்றன. அப்படி ஒன்றை வைத்திருப்பவர் யாராவது இங்கே இருந்தால், வேறெதையும் மறந்தாலும் இதை மறக்காமல் பார்க்க வேண்டுகிறேன். நமது சாலையோர மெக்கானிக்குகள் கைத்திறமை மிக்கவர்கள், எனக்கு அவர்கள்மீது மரியாதை உண்டு. ஆனால் காற்றுப்பையை அவர்கள் தொடக்கூடாது. அது வெடிமருந்து.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012 ஜூலை முதல் மோட்டார் உற்பத்தியாளர் சங்கம் தானாக ஏற்றுக் கொண்ட ஒரு நெறிமுறைதான் நமது நாட்டில் இருந்து வந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தார்கள். ஓட்டுநருக்கோ, உள்ளே இருப்பவருக்கோ, சாலையில் போகும் மற்றவருக்கோ, சுற்றுப்புறத்துக்கோ தீங்கு செய்யக்கூடிய குறையுள்ள வண்டிகளை அழைத்துச் சரிசெய்யுமாறு மத்திய அரசாங்கம் கட்டளையிடலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன, இவை ஏழாண்டுக்குட்பட்ட வண்டிகளுக்கானவை. கம்பெனிகள் தாமாகவே பத்தாண்டைக் கடந்த வண்டிகளை அழைத்ததும் உண்டு. குறையைக் கம்பெனியே கண்டுபிடித்து, அரசாங்கத்துக்கும் தெரிவித்து, வண்டிகளை அழைத்தால் அந்த அபராதம் இல்லை என்றும் சட்டம் சொல்கிறது. இது நல்ல ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம். அடிக்கடி அழைக்கிற கம்பெனி மோசமான கம்பெனி என்று டீக்கடையில் பேசிக் கொள்கிறார்கள். தவற்றைச் சொல்லிக் கூப்பிடுகிறவனை ஏசினால், அடுத்த முறை அவன் சொல்லாமல் இருந்துவிடுவான்.

சரி, பார்ப்பது எப்படி? ஆர்.சி.யில் சேசிஸ் எண் என்று ஒன்று இருக்கும். எழுத்தும் எண்ணுமாகப் பதினேழு. வண்டியின் சட்டத்திலும் அது பொறிக்கப்பட்டிருக்கும். ஐ, ஓ, க்யூ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளும் அதில் வருவதில்லை. வட்டமாகத் தெரிந்தால் பூஜ்யம், கோடாகத் தெரிந்தால் ஒன்று. இது தெரியாமல் பலர் தவறாக அடித்துவிட்டு, ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பதினேழையும் கம்பெனியின் இணையதளத்தில் ரீகாலுக்கென உள்ள பக்கத்தில் அடிக்கலாம். முடியாதவர்கள் கம்பெனியின் தொலைபேசிக்குக் கூப்பிட்டுச் சொல்லலாம், அல்லது அங்கீகாரம் பெற்ற பட்டறைக்கு ஆர்.சி.யோடு போய்க் கேட்கலாம். முதல் தடவையே பாகம் இருப்பில் இல்லை என்று சொல்லக்கூடும். அப்படியானால் பெயரைப் பதிந்து தேதி வாங்கிக் கொண்டு, அதுவரை வண்டியை ஓட்டலாமா என்று கேட்டுக் கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் இன்ன பாகம் மாற்றப்பட்டது என்று எழுதிய சீட்டை வாங்கி ஆர்.சி.யோடு வைத்துக் கொள்வது அவசியம், பிற்பாடு வண்டியை விற்கும்போது அது உதவும். பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. வாதாடியும் பயனில்லாவிட்டால் நுகர்வோர் உதவிக்கான 1915 என்னும் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். ரீகால் என்று சொல்லிக்கொண்டு யாராவது போனில் ஓ.டி.பி. கேட்டால் அவன் திருடன், பேச்சை நிறுத்திவிடுங்கள்.

கம்பெனி கடையைக் கட்டிவிட்டதே, இனி யாரிடம் போவது என்றும் ஒருவர் கேட்டார். ஃபோர்ட் கார் வைத்திருப்பவர் அவர். மறைமலைநகரில் செய்த ஃபிகோ, கிளாசிக் கார்களை அந்தக் கம்பெனி 2013 செப்டம்பரில் 1,66,021 என்ற கணக்கில் அழைத்ததுண்டு. இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக 2021இல் அறிவித்தார்கள், ஆனால் பழைய கார்களைப் பராமரிக்கும் பட்டறைகள் இருக்கின்றன. விசாரிக்கலாம்.

பெயர் மாற்றத்தைப் பற்றி நான் சொன்னால் தாங்கள் சிரிப்பீர்கள், இருந்தாலும் சொல்ல வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் பதினான்கு நாட்களுக்குள்ளும், வாங்கியவர் முப்பது நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குப் படிவம் 29, படிவம் 30. இதை அபராதத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய சடங்காகவே இதுவரை நினைத்து வந்தோம். கம்பெனி நம்மைக் கூப்பிடுவதற்கு இருக்கிற ஒரே கயிறு அந்தப் பதிவேடுதான். செல்போன் எண் மாறியிருந்தால் அதையும் மாற்றிக் கொள்ளுங்கள்.

இன்று காலை இவ்வழியே வரும்போது ஒரு பள்ளி வேனுக்குப் பின்னால் வந்தேன். பின்கண்ணாடியில் நான்கு பிள்ளைகள் எனக்குக் கையசைத்தார்கள். அந்த வேனுக்கு அழைப்பு வந்திருக்கிறதா, வந்திருந்தால் அதன் உரிமையாளர் போனாரா என்று எனக்குத் தெரியாது. ஓட்டுநருக்குத் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம், ஏனெனில் வண்டி அவருடையதன்று. மாதாமாதம் வேன் கட்டணம் கொடுக்கும் தாய்மார்கள் அடுத்த முறை கொடுக்கும்போது, “சேசிஸ் எண்ணைப் பார்த்தீர்களா?” என்று கேட்கலாம். கேட்பதில் சண்டை ஒன்றுமில்லை. நல்ல உரிமையாளர் கோபித்துக் கொள்ள மாட்டார். எங்கள் வட்டார அலுவலகத்தின் ஜீப்புகளையும் இந்த வாரம் பார்த்துவிட ஏற்பாடு செய்திருக்கிறேன். மற்றவர்களுக்குச் சொல்லுமுன் அதைச் செய்திருக்க வேண்டும், ஒரு வாரம் பிந்திவிட்டது.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணி முதல் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் நமது கிராம சேவகர்கள் இருவர் மேசை போட்டு உட்காருவார்கள். இணையம் பார்க்கத் தெரிந்த மகளிர் குழுப் பெண்கள் நால்வரும் உதவ ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். ஆர்.சி.யைக் கொண்டு வாருங்கள். அசல் வெளிநாட்டில் மகனிடம் இருந்தால், அவரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வேறு யாருடைய பெயருக்காவது கம்பெனிக் கடிதம் தங்கள் வீட்டில் பிரிக்காமல் கிடந்தால் அதையும் கொண்டு வாருங்கள், வண்டி இப்போது யாரிடம் இருக்கிறது என்று தேடிப் பார்ப்போம். சேசிஸ் எண் மிகப் பொடியாக இருக்கும். மூக்குக் கண்ணாடி உள்ளவர்கள் அதை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டாம்.